கொளுக்கிப் புழுவும் கட்டப்படாத மலசலகூடங்களும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுபவர்கள் கங்காணி முறையையும் துண்டு முறையையும் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்த மக்களின் குடலுக்குள் இருந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக இரத்தத்தைக் குடித்த ஒரு புழுவைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. அரை அங்குல நீளம்கூட இல்லாத அந்தக் கொளுக்கிப் புழுவுக்காக அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவரின் பணம் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. அது வந்த கதையையும், பாதியில் நின்றுபோன கதையையும் இங்கே பதிய விரும்புகிறேன்.

1838இல் இத்தாலியின் மிலான் நகரில், இறந்துபோன ஒரு விவசாயப் பெண்ணின் குடலில் அஞ்சலோ துபினி என்ற மருத்துவர் இப்புழுவைக் கண்டார். இது மனித உடலுக்குள் எவ்வாறு புகுகிறது என்பது அறுபது ஆண்டுகள் கழித்தே புலனாயிற்று. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மானிய ஆய்வாளரின் கையில் குடம்பிகள் கலந்த நீர் தவறிச் சிந்தியது. தோல் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் விழும் மலத்திலிருந்து குடம்பி பிறக்கிறது. அது வெறுங்காலின் தோலைத் துளைத்து, குருதி வழியே நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. மழைக்காலத் தேயிலை மலையில் செருப்பின்றி நின்று கொழுந்து பறிப்பவரின் காலைவிட வசதியான வாசல் அதற்கு வேறென்ன வேண்டும்?

ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது ஒரு துளி இரத்தம்தான். நூற்றுக்கணக்கில் சேரும்போது குருதிச்சோகை வருகிறது. முகம் வெளிறும், மூச்சு வாங்கும், வேலையில் கை ஓடாது. 1902இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் தென் மாநிலங்களின் ஏழை வெள்ளையரிடையே இந்நோயை விளக்கியபோது, பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பல் கிருமி' என்று பெயர் சூட்டின. நம் தோட்டங்களில் சோம்பேறி என்று ஏசப்பட்டவர்களில் எத்தனை பேர் நோயாளிகளாக இருந்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ரொக்ஃபெல்லர் மன்றம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் பணியைத் தொடங்கியது. தொழிலாளரின் மலம் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சோதிக்கப்பட்டது. பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் முட்டைகள் இருந்தன. மாத்தளை வழி என்பது பழைய நாட்களில் மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் காடு கடந்து நடந்து வந்த வழி. அவ்வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை. இப்போது உயிரோடிருப்பவர்களின் புழுக்களுக்குக் கணக்கெடுக்கப்பட்டது. தொழிலாளி நலமாக இருந்தால் உழைப்பு கூடும், இலாபம் பெருகும் என்பதைத் துரைமாருக்கு எடுத்துச் சொல்லியே அனுமதி பெறப்பட்டது.

முதலில் கொடுக்கப்பட்ட மருந்து தைமோல். நம் வீட்டு ஓமத்திலிருந்து எடுக்கப்படுவதுதான். ஓமம் இந்தியாவிலிருந்து ஜேர்மனிக்குப் போய் மருந்தாகித் திரும்பிய காலம் அது. முதலாம் உலகப் போர் அந்த வழியை அடைத்ததும் கெனோபோடியம் எண்ணெய்க்கு மாறினார்கள். அளவு சற்று மிஞ்சினாலும் அது நஞ்சு. 1978இல் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் தம் சிறுவயதுப் 'பூச்சி எண்ணெய்' நாளை நினைவுகூர்ந்தார். முந்திய இரவு பட்டினி, விடியலில் பிரட்டுக்களத்தில் வரிசை, எண்ணெய் குடித்தபின் பேதிக்கு உப்பு. "தல சுத்தி லயத்து வாசல்லயே விழுந்து கெடந்தோமுங்க ஐயா. அன்னிக்கிப் பேரும் இல்ல" என்றார். அன்றைய கூலி இல்லை என்பதுதான் அதன் பொருள். மருந்துக்கு அஞ்சி மக்கள் ஒளிந்தார்கள் என்றால் அதை அறியாமை என்று மட்டும் எழுதிவிட என்னால் முடியவில்லை.

பின்னர் கார்பன் டெட்ராகுளோரைட் வந்தது. துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட இத்திரவம் ஈரலைச் சிதைக்கும் என்பது இன்று மாணவருக்கும் தெரியும். அன்று அதை அறிய, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. தண்டனை நிறைவேறிய பின் அவர்களின் ஈரல் ஆராயப்பட்டது. இலங்கையிலிருந்து சென்ற இத்தகைய பிரேத பரிசோதனை அறிக்கை 1923இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது.

ஆனால் மருந்து மட்டும் இந்நோயை ஒழிக்காது. இதை மன்றத்து மருத்துவர்கள் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். புழு நீங்கிய தொழிலாளி மறுநாளே அதே மண்ணை மிதிக்கிறார், சில மாதங்களில் மீண்டும் நோயாளியாகிறார். லயத்துக்குப் பக்கத்தில் குழி மலசலகூடம் வேண்டும். அதற்குச் செலவாகும். மருந்தை ஏற்ற துரைமார் பலர் இந்தச் செலவைத் தட்டிக்கழித்தனர். மலைநாட்டுப் பொருளாதாரத்தின் முழுக் கணக்கும் இந்த ஒரு மறுப்பில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. சலித்துப்போன மன்றத்தினர் தம் கவனத்தைக் கிராமங்களின் பக்கம் திருப்பினர். 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவிலிருந்து, இலங்கை பெருமைப்படும் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு வளர்ந்தது. தோட்டங்கள் நெடுங்காலம் அதற்கு வெளியேயே கிடந்தன.

இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றே போதும். பட்டினியும் இல்லை, மயக்கமும் இல்லை. பெருந்தோட்டப் பாடசாலைகளில் பூச்சி மருந்து வழங்கும் திட்டம் பத்தாண்டுகள் நடந்த பின்னர் செய்யப்பட்ட ஆய்வொன்று 2011இல் வெளியாகியது. பிள்ளைகளில் 29 வீதமானோருக்கு மண்வழி பரவும் குடற்புழுக்களில் ஏதேனும் ஒன்று அப்போதும் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வட்டப்புழுக்கள். கொளுக்கிப் புழு அருகியிருந்தது. ஆனால் வட்டப்புழுவின் முட்டையும் அதே மண்ணில்தான், மனித மலத்திலிருந்துதான் கலக்கிறது.