குத்துயரத் தேற்றம்

வடிவவியலில் குத்துயரத் தேற்றம் என்பது, செங்கோண முக்கோணமொன்றின் செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு (செம்பக்கம்) வரையப்படும் குத்துயரம், அது கர்ணத்தைப் பிரிக்கும் இரு துண்டுகளின் பெருக்கல் சராசரிக்குச் சமம் எனக் கூறும் தேற்றமாகும். யூக்ளிடின் எலிமென்ட்ஸ் நூலின் 6ஆம் பாகத்தில், 8ஆம் கூற்றின் கிளைமுடிவாக இது இடம்பெறுகிறது.

நிறுவல்

முக்கோணம் கசட-வில் க செங்கோணம் என்க. கப என்பது சட-வுக்கு வரைந்த குத்துயரம். கோணம் ச, கோணம் பகட ஆகிய இரண்டும் கோணம் ட-வுடன் சேர்ந்து 90° ஆவதால், அவை சமம். எனவே கசட, பசக, பகட ஆகிய மூன்று முக்கோணங்களும் வடிவொத்தவை. இதிலிருந்து:

* கப² = சப × பட
* கச² = சப × சட
* கட² = டப × சட

கடைசி இரண்டையும் கூட்டினால் கச² + கட² = சட² என்னும் பித்தாகரசு தேற்றம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டு

சப = 4 செ.மீ., பட = 9 செ.மீ. எனில், கப² = 36; கப = 6 செ.மீ. மேலும் கச² = 52, கட² = 117; கூடுதல் 169 = 13².

கவனிக்க வேண்டியது

வடிவொத்த முக்கோணங்களின் உச்சிகளைச் சமகோணங்களின் வரிசையிலேயே எழுத வேண்டும். பசக-வைப் பகட-வுடன் ஒப்பிடுகையில் ச-வுக்கு ஒத்தது க. க-வுக்கு ஒத்தது ட. இவ்வரிசை மாறினால் விகிதம் பிழையாகிவிடும்.

பயன்பாடு

கர்ணத்தின் துண்டுகளை 1, ந எனக் கொண்டால் குத்துயரம் √ந ஆகும். இதனால், கர்ணத்தை விட்டமாகக் கொண்ட அரைவட்டம் வரைந்து, அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வர்க்கமூலம் காணலாம்.