பழம் பெட்டிகளுக்கு ஒரு கூரை

ஒரு பொருளை அழிவினின்று மீட்பது சில நாள் வேலை. மீட்டதைக் காத்து வைப்பதோ தலைமுறை வேலை. இவ்வுண்மையை இங்கிலாந்தின் பழைய இரயில் பெட்டிகளின் வரலாறு நன்கு விளக்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன. நீராவி இஞ்சின்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அதைக் கண்டு மனம் பொறாத பொதுமக்கள் சிலர் தொண்டர்களாகத் திரண்டு, வேல்ஸ் நாட்டின் டலித்லின் பாதையை 1951இல் தாமே நடத்தத் தொடங்கினர். 1960இல் சசெக்ஸ் பகுதியின் புளூபெல் பாதையும் அவ்வாறே உயிர் பெற்றது.

புளூபெல் தொண்டர்கள் 1961இல் நான்கு பெட்டிகளை வாங்கினர். அவை மெட்ரோபாலிட்டன் இரயில்வேக்காக 1898க்கும் 1900க்கும் இடையே செய்யப்பட்ட தேக்குமரப் பெட்டிகள். முதலில் நீராவியாலும் பின்னர் மின்சாரத்தாலும் ஓடியவை, மீண்டும் நீராவிக்கே திரும்பிச் செஷம் கிளைப் பாதையில் பணி செய்தன. 1960இல் அப்பாதைக்கு மின்சாரம் வந்ததும் வேலையிழந்தன. புளூபெல்லில் சில ஆண்டுகள் ஓடியபின் பழுதுற்று நின்ற அவை, 1999இல்தான் மீண்டும் பயணிகளை ஏற்றத் தொடங்கின. மீட்புக்கும் மறுபிறப்புக்கும் இடையே கழிந்த காலத்தை எண்ணிப் பாருங்கள்!

மரப் பெட்டிக்கு மழையே முதற்பகை. அதன் கூரை பலகையாலானது. மேலே ஈயச் சாயம் பூசிய கித்தான் போர்த்தியிருக்கும். கித்தான் ஓரிடத்தில் கிழிந்தாலும் நீர் உள்ளே இறங்கும். கதவின் கண்ணாடி கீழிறங்கும் உட்குழியிலும் நீர் தேங்கும். அங்கிருந்து அடிச்சட்டம் உளுக்கத் தொடங்கும். வெளியே மெருகு மின்னும்போதே உள்ளே மரம் மாவாகிவிடுவதும் உண்டு. ஒரு பெட்டியைச் செப்பனிடத் தொண்டர்களுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் வெளியே நிற்கும் வேறு பெட்டிகள் சிதைகின்றன. செப்பனிட்டதையும் மழையில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீணன்றோ?

எனவே கொட்டகையே முதல் தேவை. ஆயினும் கொட்டகைக்குப் பணம் திரட்டுவதுதான் கடினம். இஞ்சின் புகை கக்கும், ஊதல் ஒலிக்கும், கொடுத்தவன் கண்குளிரப் பார்ப்பான். தகரக் கூரைக்கும் இரும்புத் தூணுக்கும் அத்தகைய கவர்ச்சி ஏது?

இத்தடையை அவர்கள் பலவாறு கடந்தனர். புளூபெல்லார் 'ஆபரேஷன் அண்டர்கவர்' என்று பெயரிட்டு, பணியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நிதி கேட்டனர். வண்டிகளைக் கூரையின் கீழ் கொணர்வதே அப்பெயரின் கருத்து. யார்க்ஷயரில் பழம்பெட்டிகளைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று, அவற்றைத் திரைப்படங்களுக்கு வாடகைக்கு விட்டும் பொருளீட்டியது. 1990இல் இங்ரோவில் அவற்றுக்கென ஒரு காட்சியகம் திறந்தது. வரி செலுத்துவோர் அறநிலையத்துக்கு 1 பவுன் கொடுத்தால், அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடும் அங்குண்டு. உயில் வழியே வரும் கொடையும் பெருந்துணை. 1994இல் தொடங்கிய தேசிய லாட்டரியின் வருவாயில் ஒரு பகுதி மரபுச் செல்வங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அந்நிதியின் உதவியோடு செவர்ன் பள்ளத்தாக்கு இரயில்வே கிடர்மின்ஸ்டரில் நெடிய கொட்டகை ஒன்றை எழுப்பியது.

கொட்டகையையே காட்சிக் கூடமாக்குவது மற்றொரு வழி. இரயில் வரலாற்றின் தொட்டில்களுள் ஒன்றான ஷில்டனில், ஏறத்தாழ 80 லட்சம் பவுன் செலவில் 2024இல் திறந்த புதிய கூடத்தில் 46 வண்டிகளுக்கு இடம் கிடைத்தது. பொருளும் காக்கப்படுகிறது, கற்போர் கண்ணுக்கும் விருந்தாகிறது.

இதை எழுதுகையில் என் பழைய அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்னர் நான் பணியாற்றிய தோட்டப்பள்ளியொன்றில், பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஒழுகும் அறையில் கிடந்தன. ஆண்டு விழா மேடைக்கு நிதி திரட்டினோம். அவ்வறைக்குக் கூரைத் தகரம் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்குந்தான். பின்னொரு நாள் திறந்து பார்த்தபோது பாதி ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது. அதில் எழுதியிருந்த பிள்ளைகளின் பெயரும் பெற்றோர் பெயரும் வேறெங்கே கிடைக்கும்?

பழம்பொருளைப் போற்றுவோம் என்று மேடையில் முழங்குவது எளிது. மழை வருமுன் கூரை போடுவதே உண்மையான போற்றுதல்.