திருவள்ளூர் லான்சரும் மறைமலைநகர் ஐகானும்

அம்பத்தூர்ல சி.டி.எச். ரோட்டைப் பிடிச்சு ஆவடி, திருநின்றவூர் தாண்டி நேரா போனா திருவள்ளூர். ஒரு காலத்துல மிட்சுபிஷி லான்சர் அங்கதான் தயாராச்சுன்னு சொன்னா என் ஆபீஸ்ல பாதி பேர் நம்பறதில்லை. 1998-ல் அதை இங்க கொண்டுவந்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ். ஆமாங்க, அம்பாசடர் செஞ்ச அதே கம்பெனி!

அடுத்த வருஷமே, 1999 கடைசியில, மறைமலைநகர்லேர்ந்து ஃபோர்டு ஐகான் வந்தது. ஃபியஸ்டாவுக்கு டிக்கி வச்சு இந்தியாவுக்காகவே உருவாக்கின வண்டி. அதுல 1.6 பெட்ரோல் 92 குதிரைசக்தி. இன்னிக்கு அது ஒரு பெரிய நம்பரே இல்லை. ஆனா அன்னிக்கு சிக்னல்ல பக்கத்துல நிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

ரெண்டுமே சென்னையைச் சுத்திப் பொறந்த வேகமான வண்டிங்க. வயசான பிறகு எது நம்ம பர்ஸைக் காலி பண்ணுது? இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் எங்க சித்தப்பா. அவர்கிட்ட 2001 லான்சர் பெட்ரோல் ஒண்ணு இருக்கு. 15 வருஷம் முடிஞ்சு 2016, 2021-ன்னு ரெண்டு தடவை ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. 2026-ல் மறுபடியும். 15 வருஷம் தாண்டின காருக்கு 600 ரூபாயா இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டினா 10,000-ன்னு ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. "வித்துடலாமாடா?"ன்னு கேட்டார். கேட்ட குரல்லயே விக்க மனசில்லைன்னு தெரிஞ்சது.

இன்ஜினை மட்டும் பார்த்தா லான்சர்தான் என் ஓட்டு. அந்த 1468 சிசி இன்ஜின் 1,80,000 கிலோமீட்டர் ஓடியும் இன்னும் திறக்கலை. டைமிங் பெல்ட்டை மட்டும் மறக்காம மாத்தணும். ஐகான் 1.6-ல் பெல்ட்டே கிடையாது, செயின். அந்த ஒரு செலவு மிச்சம்.

ஆனா செலவு உட்கார்ந்திருக்கிற இடம் கீழே. லான்சர்ல பின் சக்கரத்துக்கும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். வளைவுல ரோட்டைக் கவ்விக்கிட்டுப் போறது அதனாலதான். ஒவ்வொரு லிங்க்குக்கும் புஷ் உண்டு, நம்ம பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்துல ஒவ்வொண்ணா தேயும். ஐகான்ல பின்னாடி ஒரே பீம், ரெண்டு புஷ், வேலை முடிஞ்சது. அதோட 1.3, 1.6, டீசல்னு எல்லா ஐகானுக்கும் அடிப்பாகம் பெரும்பாலும் ஒண்ணு. வித்த எண்ணிக்கையும் அதிகம். அதனால பழைய பார்ட்ஸ் கடையில தேடினா ஏதாவது கிடைக்கும். லான்சர் வித்ததே கம்மி.

இந்த ஏரியாவுல இருக்கறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடியில லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960-களிலிருந்தே இருக்கு. அதைச் சுத்தியும் அம்பத்தூர் எஸ்டேட்லயும் வளர்ந்த பட்டறைகள்ல டிஸ்க் கடைவாங்க, செல்ஃப் மோட்டார் காயில் கட்டுவாங்க, புஷ் மாதிரியைக் கொடுத்தா லேத்துல போட்டே கொடுத்துடுவாங்க. "இரும்புன்னா கவலையே படாதீங்க தம்பி, சென்சார் போச்சுன்னாதான் நான் கையைத் தூக்கிடுவேன்"னார் எங்க மெக்கானிக். ஈ.சி.யூ., ஹெட்லைட், கதவு ரப்பர் இதெல்லாம் லேத்துல வராதே.

கம்பெனி போயிட்டா என்ன ஆகும்? ஃபோர்டு 2021 செப்டம்பர்ல கடையைக் கட்டறதா அறிவிச்சு, 2022-ல் மறைமலைநகர்ல கடைசி காரை வெளியே அனுப்பிச்சு. ஆனா சர்வீஸும் ஸ்பேர்ஸும் தொடருது. திருவள்ளூர் ஃபேக்டரியில இப்ப சிட்ரோயன் தயாராகுது. ஃபேக்டரி பொழைச்சது, லான்சர் அநாதை ஆச்சு.

இப்ப புதுத் தலைவலி ஈ20 பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால். இதுக்குன்னு செய்யாத பழைய வண்டியில மைலேஜ் 3-லிருந்து 6 சதவீதம் குறையலாம்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. அது கூடப் பரவாயில்லை, பழைய ஃப்யூயல் ஹோஸும் சீலும்தான் பயம். இது லான்சர், ஐகான் ரெண்டுக்கும் பொது.

கணக்கு போட்டா ஐகான்தான் ஜெயிக்குது. சித்தப்பாகிட்ட அதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அந்தப் பின்பக்க புஷ் மொத்தம் எத்தனைடா?"

அப்புறம் என்ன, எஃப்.சி.க்கு முன்னாடி ஹோஸ் எல்லாம் மாத்தறோம். புஷ் மாதிரியோட எஸ்டேட்டுக்குப் போற வேலை என் தலையில :)