குத்தாமலே வரும் புண்

போன மாசம் கள்ளக்குறிச்சியில பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷமாச்சு. கல்வராயன் மலையில கரியாலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கார். ராத்திரி செருப்பைக் கழற்றினப்போதான் பெருவிரலுக்குக் கீழே தோல் உரிஞ்சு கிடந்ததைப் பெரியம்மா பார்த்திருக்காங்க. “கல்லு ஏதாச்சும் குத்துச்சா பெரியப்பா?” “ஒண்ணும் குத்தலப்பா. செருப்புதான் புதுசு.”

ஒண்ணும் குத்தாம எப்படிப் புண் வரும்? இந்தக் கேள்விக்குப் பின்னால பெரிய வரலாறு இருக்கு. அதுல ஒரு நூல் நம்ம மலைக்கே வருது.

1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவரும் மிஷனரிகள். கொல்லிமலையோடு நிற்காமல் சுற்றியுள்ள மலைகளுக்கும் போகணும்னு நினைச்சவங்க. கல்வராயனும் அதில் ஒன்று. ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்துட்டார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஈவ்லின் விடவில்லை. எழுபது வயசுக்கு மேல மட்டக்குதிரையிலும் மூங்கில் கோல் ஊன்றியும் இந்த மலைகளில் சுற்றினார். 95 வயதில், 1974-ல் இறந்தார்.

மகன் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பினாங்க. பிராண்ட் கண்டது வேறு: நோய் நரம்பைக் கெடுக்குது, வலி போயிடுது, மீதியை அன்றாட வாழ்க்கை செய்யுது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபின் எலிப் பாதங்களில் சோதித்தார். ஒரே இடத்தில் மிதமான அழுத்தம், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப. முதலில் சூடு, வீக்கம், அப்புறம் புண். நமக்கெல்லாம் கொஞ்ச தூரம் நடந்ததும் பாதம் தானாகவே பாரத்தை இடம் மாத்திக்கும். உணர்வில்லாத பாதம் கடைசிவரை ஒரே மாதிரி மிதிக்கும்.

அவருடைய முதல் கருவி உள்ளங்கைதான். பாதத்தைத் தடவி, எங்கே சூடு அதிகம்னு பார்ப்பார். கார்வில்லில் மெல்லிய காலுறை ஒன்றும் செஞ்சாங்க. அதில் சாயம் அடைத்த நுண்குமிழ்கள். அழுத்தம் கூடின இடத்தில் உடைஞ்சு நிறம் காட்டும். (புண்ணான பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்க விடும் முறையை 1930-களிலேயே கொழும்பில் மில்ராய் பால் கையாண்டிருந்தார். அது தனி எபிசோட்.)

அடுத்து ஒளி வந்தது. சென்னை ஐஐடியில் கே.எம். பாட்டீல் குழுவினர் 1990-களில் நீரிழிவுக்காரர்களின் பாத அழுத்தத்தை இப்படிப் படமெடுத்தாங்க: கண்ணாடித் தட்டின் ஓரத்திலிருந்து வெளிச்சம் செலுத்தி, மேலே மெல்லிய விரிப்புப் போட்டு, அதன்மேல் ஆளை நடக்க விடுவது. பாதம் அழுத்தும் இடத்தில் விரிப்பு கண்ணாடியோடு ஒட்டும், அங்கே வெளிச்சம் சிதறும். கீழேயுள்ள கேமராவுக்கு அழுத்தம் பிரகாசமாகத் தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி.

ஆனா பெரியப்பாவோட புண் அதில் முழுசா சிக்காது. துருவுபலகையில் தேங்காயை அழுத்திக்கிட்டே இருந்தா துருவல் விழுமா? இழுக்கணும். மலையிறக்கத்தில் எலும்பு முன்னால் வழுக்கும், தோல் செருப்போடு ஒட்டி நிற்கும். நடுவிலுள்ள சதை இழுபடும். இந்தப் பக்கவாட்டு இழுவையை அந்தத் தட்டு காட்டாது. அதோட, அந்தத் தட்டைக் கரியாலூருக்குத் தூக்கிட்டுப் போகவும் முடியாது.

இப்போ வளையும் ஒளியிழைகளை வைத்து முயற்சி பண்றாங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் ஒளியிழையால் பாத அழுத்தம் அளந்திருக்காங்க. இழைக்குள் பதித்த நுண்கோடுகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டா அந்த அலைநீளம் நகரும். சிலிகான் மெத்தைக்குள் ஒரு இழையை நேராகவும் இன்னொன்றைச் சாய்வாகவும் பதிச்சா, அழுத்தம் எவ்வளவு, இழுவை எவ்வளவு என்று பிரிச்சுக் கணக்கிடலாம். சிக்கல் என்னன்னா, பாதத்தோட சூடும் அந்த அலைநீளத்தை நகர்த்தும். ஒளியைப் படிக்கிற பெட்டியும் விலை அதிகம்.

பெரியம்மாகிட்ட பிராண்டோட உள்ளங்கை வித்தையைச் சொல்லிட்டு வந்தேன். தினமும் ராத்திரி ரெண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கிறாங்க. போன வாரம் போன்: “இடது கால் மட்டும் சுடுதுடா.” மறுநாளே டாக்டரிடம் காட்டினாங்க. கல்யாணச் செருப்பு இப்போ பரண்மேல.