கணினி ஆட்டமாந்தரின் பண்புக்கூறுகள்: ஒரு வரலாற்று நோக்கு

கற்பனையுலகக் கணினி ஆட்டங்களில் மாந்தரின் பண்புகள் எண்களால் சுட்டப்பெறுகின்றன. இம்முறைக்கு மூலம் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசையாட்டமாகும். அதில் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், கவர்ச்சி என்னும் ஆறு பண்புகளுக்கும் மூன்று பகடைகள் உருட்டி, 3 முதல் 18 வரை மதிப்பு அளிக்கப்பெற்றது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ தலைமக்களின் ஒப்புமைக்குப் பிறப்பு முதல் திரு ஈறாகப் பத்துக் கூறுகளை வகுக்கிறது. அங்குப் பண்பு இருவரிடையே ஒத்தலைக் காண்பதற்குரியது. ஆட்டத்தில் அது தனியொருவரின் ஆற்றலை அளப்பதற்குரியது. முன்னதில் குடிமை இடம்பெறுகிறது. பின்னதில் பகடையே பிறப்பைத் தீர்மானிக்கிறது.

பெங்களூரில் 1997இல் தோன்றிய துருவா இன்டராக்டிவ் நிறுவனம் அயல்நாட்டு ஆட்டங்களுக்குக் கலைப்பணி செய்து வளர்ந்தது. 2019இல் அதனை ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. உருவம் இங்கு வரையப்பெற்றாலும் பண்பின் இலக்கணம் பிறரால் வகுக்கப்பெற்றது. தமிழில் இத்தகைய ஆட்டங்கள் படைக்கப்பெறுங்கால், ஒத்தல் என்னும் அளவுகோலும் கருதத்தக்கதாகும்.