குந்தவை என்னும் பெயர்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்குப் பெயர் சூட்டும் நாளில் இரு கவலைகள் உண்டு: பெயர் பழம்பெருமை உடையதாதல் வேண்டும், அயலார் நாவில் சிதையாதிருத்தலும் வேண்டும். அரிதாக வழங்கும் 'குந்தவை' என்னும் பெயரை எண்ணிப் பார்ப்போம்.

முதலாம் இராசராசனின் தமக்கையார் இப்பெயர் பூண்டவர். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், தன் கொடைகளோடு தமக்கையின் கொடைகளையும் கல்லில் வெட்டுமாறு அம்மன்னன் பணித்தான். தன் மகளுக்கும் அப்பெயரையே இட்டான். அவள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்து தெலுங்கு நாடு புகுந்தாள். அவள் மகன் இராசராச நரேந்திரன் ஆதரவில்தான் நன்னயர் தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கினார். எனவே, இப்பெயர் தமிழகத்தின் எல்லையைக் கடந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

1950-இல் கல்கி தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை இப்பெயரைத் தமிழர் இல்லங்களில் பரப்பிற்று. 2022-இல் வெளிவந்த திரைப்படம் பிற மொழியினர்க்கும் அதனை அறிவித்தது. எனினும், குழந்தைகளுக்கு இன்றும் அரிதாகவே இடப்படுகிறது.

ஒலிப்பிலேதான் இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் தகரத்திற்கும் டகரத்திற்கும் ஒரே எழுத்து நிற்பதால், 'குண்டவை' எனப் படிப்போர் உண்டு. 'சந்தனம்' என்பதில் வரும் ஒலியே இங்கும் வருவது; வடநாட்டாரும் அதனை நன்கு ஒலிப்பர். ஈற்று ஐகாரத்தை இந்தியில் தனியெழுத்தால் குறித்தால் ஏகாரம்போல் திரியும். 'சென்னை' என்னும் ஊர்ப்பெயரை எழுதும் முறையில், வகரத்தின்பின் ஈகாரம் இட்டு எழுதுதல் நலம்.

பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறுமுன்பே இதனைச் செய்துகொள்க. பின்னர்த் திருத்துதல் அரிது; பிழைபட்ட ஒலியே குழந்தையின் பெயராக நிலைத்துவிடும்.