ஐம்பது கேட்டா ஐநூறு வந்துச்சு

இந்த எபிசோடை ஒரு பஞ்சாரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். பஞ்சாரம்னா, கோழி மேல கவிழ்த்து மூடி வைக்கிற கூடை. சாத்தூர் பக்கம் எங்க அப்பத்தா வீட்டு முற்றத்துல ஒண்ணு கிடந்துச்சு. ஏழெட்டு கோழி அடையும். முட்டை வித்த காசு, சேவல் வித்த காசு எல்லாம் அடுப்படியில ஒரு டப்பாவுக்குள்ள போயிரும். தாத்தாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதுக்குப் பேருதான் சிறுவாடு.

போன மாசம் அம்மா போன் பண்ணி, "மொட்டை மாடியில இருபது பிராய்லர் குஞ்சு வாங்கி விடலாம்னு இருக்கேன். நாப்பது நாள்ல கறிக்கு ஆயிரும்ல?"ன்னு கேட்டாங்க. நான் சாப்ட்வேர்காரன், உடனே எக்செல் திறந்துட்டேன். எப்படிப் போட்டாலும் லாபம் வரல. அப்பத்தாவுக்கு வந்த கணக்கு அம்மாவுக்கு ஏன் வரமாட்டேங்குது? அதுக்குப் பதில் தேடிப் போனா, 1923-க்குப் போக வேண்டியிருந்துச்சு.

அமெரிக்காவுல டெலவேர் மாநிலம், ஓஷன் வியூன்னு ஒரு சின்ன ஊர். செசில் ஸ்டீல்னு ஒரு அம்மா. முட்டைக்காக வீட்டுல கோழி வளர்த்தவங்க. 1923-ல 50 குஞ்சு ஆர்டர் போட்டாங்க. தவறுதலா 500 வந்துச்சு. திருப்பி அனுப்பாம, ஒரு கொட்டகை போட்டு கறிக்காக வளர்த்தாங்க. 387 கோழி பிழைச்சுது. ஒவ்வொண்ணும் 2 பவுண்டு எடை வந்ததும், பவுண்டு 62 சென்ட்டுக்கு வித்தாங்க. நல்ல லாபம். அடுத்த வருஷம் 1,000 குஞ்சு. கொஞ்ச வருஷத்துல பல ஆயிரம். கணவர் கடலோரக் காவல் வேலையை விட்டுட்டு கூட வந்து சேர்ந்தார். உலகத்தோட பிராய்லர் தொழில் வரலாறு வழக்கமா இங்க இருந்துதான் ஆரம்பிக்கும். அதாவது ஒரு பெண்ணோட சிறுவாட்டுக் காசுல இருந்து!

அதே 1923-ல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்ச்சா வேற பிழைப்பு இல்ல. கம்பெனி அட்டையும் குச்சியும் குடுக்கும். பெண்கள் வீட்டுத் திண்ணையில உக்காந்து பெட்டி ஒட்டுவாங்க, குச்சி அடுக்குவாங்க. எண்ணிப் பார்த்துக் கூலி. சரக்கு நம்மளது இல்ல, விலையும் நம்மளது இல்ல. கைவேலை மட்டும்தான் நம்மளது.

இந்த மாடலை மனசுல வச்சுக்கோங்க. கோழியும் கடைசியில இங்கதான் வந்து நிக்குது.

1940-களோட பிற்பகுதியில அமெரிக்காவுல 'நாளைய கோழி'ன்னு ஒரு போட்டி நடந்துச்சு. நெஞ்சுக்கறி அதிகம் வைக்கிற, சீக்கிரம் வளர்ற இனம் யாருகிட்ட இருக்குன்னு பார்த்தாங்க. அதுக்கப்புறம் இனவிருத்தி தனித் தொழிலாவே மாறிடுச்சு. கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 1957, 1978, 2005 — இந்த மூணு வருஷத்துக் கோழி இனங்களையும் ஒரே தீவனம் குடுத்து வளர்த்தாங்க. 56-வது நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். "ஊசி போட்டு வளர்க்கிறாங்க"ன்னு நம்ம பேமிலி குரூப்ல வர்றதுக்கு இதுதான் பதில். தீவனம் ஒண்ணுதான், மாறினது இனம்.

ஆனா அந்த இனத்தோட குஞ்சை நாம பொரிச்சு எடுக்க முடியாது. அப்பத்தா அடை வச்சு குஞ்சு எடுத்தாங்க. பிராய்லர்ல ஒவ்வொரு தடவையும் குஞ்சு வெளியில இருந்துதான் வாங்கணும். முதல் பிடி இங்க போயிடுச்சு.

1984-ல உடுமலைப்பேட்டையில சௌந்தரராஜன், சுந்தரராஜன்னு ரெண்டு சகோதரர்கள் ஆரம்பிச்சதுதான் சுகுணா. 1990 வாக்குல அவங்க ஒப்பந்தப் பண்ணை முறைக்கு வந்தாங்க. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியோடது. வளர்ந்ததும் எடை போட்டு கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. தீப்பெட்டிதாங்க, அப்படியே!

ஆனா ஒரு நியாயமும் சொல்லணும். 2020 தொடக்கத்துல கோழிக்கறி சாப்பிட்டா கொரோனா வரும்னு வாட்ஸ்அப்ல வதந்தி பரவி, கறி விலை அதலபாதாளத்துக்குப் போச்சு. சொந்தக் காசுல குஞ்சு வாங்கி விட்டவங்களுக்கு மொத்த அடியும் அவங்க தலையில. ஒப்பந்தத்துல இருந்தவங்களுக்கு சந்தை விலை நேரா வந்து இடிக்காது. விலை சொல்ற உரிமையைக் குடுத்துட்டுத்தான் அந்தப் பாதுகாப்பை வாங்குறாங்க.

சரி, அம்மாவோட இருபது குஞ்சுக்கு வருவோம். ரெண்டு கிலோ எடை வர ஒரு கோழிக்கு சுமார் மூணு, மூணரை கிலோ தீவனம் வேணும். கம்பெனி மக்காச்சோளத்தையும் சோயாவையும் லோடு லோடா வாங்கும். நாம மூட்டை விலைக்கு வாங்கணும். முதல் வாரம் பல்பு போட்டு சூடு குடுக்கணும். அஞ்சாவது வாரம் அதே சூடு கொல்லும். அதுவும் விருதுநகர்ல, மே மாசம், மொட்டை மாடியில!

என்னை ரொம்ப யோசிக்க வச்சது தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல்னு நம்ம ஊர்ல சொல்ற நோய்க்கு ராணிக்கெட்னு பேரு. இமயமலைப் பகுதியில ராணிக்கெட் ஊர்ல 1927-ல இந்தியாவுல முதல்ல பதிவான நோய். உள்ள வந்தா பஞ்சாரமே காலி. தடுப்பு மருந்து இருக்கு. ஆனா குப்பி குறைஞ்சது நூறு கோழிக்குத்தான் வருது. ஐஸ்ல வச்சுக் கொண்டு வரணும். கலக்கிட்டா சில மணி நேரத்துல தீர்த்துடணும். இருபது கோழிக்குப் போக மீதி சாக்கடைக்கு. மருந்தோட சைஸே பெரிய பண்ணைக்குன்னு முடிவாயிடுச்சு பாருங்க.

இதை யாரும் யோசிக்காம இல்ல. சூடு தாங்குற தடுப்பு மருந்தை கிராமத்துக் கோழிக்காக ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1980-கள்ல உருவாக்கினாங்க. நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் தீவனம் மாதிரி போடுற குருணை மருந்தைக் கொண்டு வந்துச்சு. கால்நடைத் துறை வருஷா வருஷம் இலவச முகாமும் நடத்துது. வீட்டுக்கோழி பிழைக்கணும்னா வீட்டு அளவுல பொருள் கிடைக்கணும், அவ்வளவுதான்.

கணக்கெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுட்டு, "அப்ப பிராய்லர் வேணாம். அஞ்சு நாட்டுக்கோழி விடுறேன். எப்ப விக்கணும், என்ன விலைக்கு விக்கணும்னு நான் பாத்துக்கிறேன்"ன்னாங்க. பக்கத்துத் தெருவுல அடைகாக்குற கோழி ஒண்ணுக்கு சொல்லியும் வச்சாச்சு. முகாம் என்னைக்குன்னு கால்நடை மருந்தகத்துல விசாரிக்கிறது என் வேலை.

உங்க வீட்டுல சிறுவாட்டுக் காசு எதுல இருந்து வந்துச்சு? அம்மாகிட்ட, பாட்டிகிட்ட கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன்.